வளர்நீர்

அந்த நாற்காலி வேண்டாம், அம்மா. அதற்கு ஒரு கால் ஆடுகிறது. இப்படி என் பக்கத்தில், தூணுக்கு இந்தப் புறமாக வந்து அமருங்கள். காற்று இங்கேதான் நன்றாக வரும். மின்விசிறி ஓடவில்லையா? ஓடும்போது வரும்.

பையைத் தரையில் வைக்கலாம். தரை தூய்மையாகவே இருக்கிறது. அந்த ஒன்றில் இம்மருத்துவமனையைக் குறை கூற இயலாது. மற்றவற்றைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அது என் இயல்பு.

யாருக்காக வந்திருக்கிறீர்கள்? தங்கச்சிக்கா? தங்கைக்கு. நன்று. முதல் முறையா? அப்படியானால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். எதிரே தெரிகிறதே, அந்தக் கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால்தான் எல்லாம் நடக்கிறது. ஆய்வகத்தில் கரு நல்லபடியாக வளர்ந்திருந்தால் அதை வயிற்றில் வைத்து, சிறிது நேரம் படுக்கவைத்து, சக்கர நாற்காலியில் அமர்த்தி வெளியே அனுப்புவார்கள். வளரவில்லை என்றால் வாயிலிலேயே சொல்லிவிடுவார்கள். போனவர்கள் போன வேகத்தில் திரும்பி வருவார்கள். நடந்து வந்தால் இல்லை, சக்கரத்தில் வந்தால் உண்டு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இங்கே அமர்ந்து கவனித்ததில் தெரிந்துகொண்டேன்.

சக்கர நாற்காலியும் ஒன்றே ஒன்றுதான். அதன் வலச் சக்கரம் கீச்சுக் கீச்சென்று கத்தும். சென்ற முறையே மேலாளரிடம் சொன்னேன், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள் ஐயா, உள்ளே இருப்பவர்கள் என்ன மனநிலையில் வருகிறார்கள், இப்படி ஓர் ஓசை தேவையா என்று. "பாக்குறோம் மேடம்" என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறார் போலும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. துறையூரில், அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். உள்ளே இருப்பவள் என் மகள் நன்முல்லை. ஒரே மகள். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆயின. "என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஊரார் இப்போது கேட்பதையே விட்டுவிட்டார்கள். கேட்காமல் இருக்கிறார்களே, அதுதான் அம்மா இன்னும் கொடுமை. மாப்பிள்ளை மின்வாரியத்தில் இருக்கிறார். பெயர் தீபக். வல்லின மெய்யில் ஒரு பெயர் முடியலாமா? நான் தீபகன் என்றே அழைக்கிறேன். அவரும் திரும்பிப் பார்க்கிறார், நல்ல மனிதர்.

இதோ, அந்தக் கதவுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கும் தட்டுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறதே, அதைப் படித்தீர்களா? "காலனிகளை வெளியே விடவும்" என்று எழுதியிருந்தார்கள். காலனி என்றால் குடியிருப்பு. குடியிருப்பைக் கழற்றி வெளியே விட முடியுமா? மூன்று சுழி 'ணி' போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'னி'. சென்ற முறையே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். நன்முல்லை என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ஊரையே திருத்த முடியாது, வாங்க" என்றாள். ஊரை யார் திருத்தினார்கள்? ஒரு சுழியைத்தான் திருத்தச் சொன்னேன். இன்று காலையும் அது அப்படியே இருந்தது. எத்தனை பேர் அதன் கீழே குனிந்து செருப்பைக் கழற்றுகிறார்கள்! பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சிவப்பு மைப் பேனா எப்போதும் என் கைப்பையில் இருக்கும். எழுந்து போய்த் திருத்திவிட்டு வந்து அமர்ந்தேன். ஆம், அந்தச் சிவப்பு என்னுடையதுதான்.

எனக்குக் குறை பலகையைப் பற்றி அன்று. இவர்கள் மதிப்பெண் போடும் முறையைப் பற்றி.

உங்கள் தங்கைக்கும் போடுவார்கள், பாருங்கள். பெண்ணிடமிருந்து கருமுட்டையை எடுத்து, ஆணின் உயிரணுவோடு ஒரு சிறு கிண்ணத்தில் சேர்க்கிறார்கள். அது கருவாகிறது. அந்தக் கருவை நேரே வயிற்றில் வைப்பதில்லை; ஆய்வகத்தில் ஒரு பெட்டிக்குள் சில நாள் வளர்த்துப் பார்த்து, தேறியதைத்தான் வைக்கிறார்கள். அதைக் கவனிப்பவள் ஷமீமா என்றொரு பெண். முனைவர் பட்டம் பெற்றவள். தலையில் தொப்பி, வாயில் திரை, கண் மட்டும் தெரியும். சென்ற முறை இடையில் ஒரு நாள் எங்களை அழைத்துக் கணிப்பொறியில் படம் காட்டினாள். சோப்பு நுரையை உருப்பெருக்கியில் பார்த்தாற்போல் இருந்தது.

"ரெண்டு வளந்துட்டிருக்கு. ரெண்டுமே இப்போதைக்கு 'சி' கிரேடு" என்றாள்.

ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்கிறாள், அம்மா. 'சி'. எங்கள் குடும்பத்தில் எவரும் 'சி' வாங்கியதில்லை.

"எந்த அடிப்படையில்?" என்று கேட்டேன்.

"செல்லெல்லாம் சமமாப் பிரியணும் டீச்சர். இதுல ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. நடுவுல துணுக்குத் துணுக்கா உடைஞ்சிருக்கு. பாக்க எப்படி இருக்குங்கறத வச்சுத்தான் சொல்றோம்."

"பார்க்க எப்படி இருக்கிறது என்பதா? கையெழுத்துக்கு மதிப்பெண் உண்டு, நானும் போட்டிருக்கிறேன். அதற்காக முழு விடைத்தாளையும் கையெழுத்தை வைத்துத் திருத்துவதா? மறுமதிப்பீடு உண்டா?"

அவள் சிரிக்கவில்லை. அதை நான் மதிக்கிறேன். "சி-யும் குழந்தையாயிருக்கு, ஏ-யும் நிக்காமப் போயிருக்கு. இது மார்க் இல்ல டீச்சர். ஒரு அடையாளம், அவ்வளவுதான்" என்றாள்.

"உறுதியாகச் சொல்ல இயலாத ஒன்றுக்கு எதற்கு எழுத்து? கேட்கிறவள் நெஞ்சில் அது எப்படிப் பதியும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?"

சரியான கேள்விதானே? நன்முல்லை என்னைப் பார்த்து, "அம்மா, விடுங்க" என்றாள். அவளுக்காகத்தான் கேட்டேன். அவள் பக்கம் நின்றுதான் கேட்டேன். அதற்கு "விடுங்க".

மதிப்பெண் என்பது எவ்வளவு பொறுப்பானது என்று என்னைவிட அறிந்தவர் யார்? நன்முல்லை என் வகுப்பிலேயே படித்தவள். தாய் என்பதற்காக ஒரு மதிப்பெண்கூட அவளுக்குக் கூடுதலாக நான் போட்டதில்லை. பிறர் குறை சொல்லக்கூடாதே என்று ஒன்றிரண்டு குறைத்துத்தான் போட்டிருப்பேன். வாய் திறந்து ஒரு சொல் கேட்டதில்லை அவள். அவ்வளவு நல்ல பெண்.

பிறகு என்ன? இரண்டு நாள் கழித்து வந்தோம். இரண்டு கருவுமே வளர்வதை நிறுத்திவிட்டன என்று வாயிலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கதவிலிருந்து நடந்து வந்தாள். செருப்பு மாட்டிக்கொள்ளவும் மறந்து, வெறுங்காலோடு, இதோ இந்தத் தூண் வரைக்கும் வந்துவிட்டாள். "செருப்பு" என்று நான்தான் நினைவூட்டினேன். அடுத்த முறை இன்னும் கவனமாக இருக்கலாம் என்றும் சொன்னேன். தேர்வில் தவறியவர்களிடம் நான் எப்போதும் சொல்வது அதுதான். அதனாலேயே எழுந்து தேறியவர்கள் பலர். அவள் மட்டும் ஏனோ, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பொறுங்கள். கதவு திறக்கிறது. அம்மா, கொஞ்சம் முன்னால் சாய்ந்து அமருங்கள். இன்னும் சற்று. யார்? நடந்தா வருகிறார்கள்? இளநீலச் சுடிதாரா?

இல்லையா? வேறு யாரோவா? சிவப்புச் சேலையா? அப்பாடா.

அப்பாடா என்று சொல்லக்கூடாது. பாவம், அவர்களும் நடந்துதான் போகிறார்கள். அந்தப் பையனைப் பாருங்கள், அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு போகிறான்.

ஒன்றுமில்லை, காற்றுக்காகத்தான் சாயச் சொன்னேன். நீரருந்துகிறீர்களா? நான் அருந்துகிறேன்.

எங்கே விட்டேன்? ஆம். உண்மையான தகராறு அதற்குப் பிறகுதான் வந்தது. அது ஒரு சொல்லால் வந்தது.

இரண்டாம் முறை தொடங்குவதற்கு முன்பு, உறையூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் வகுப்பின் கடைசி வரிசையில் நடக்கும் பேச்சைக் கேட்டுப் பழகிய காது இது.

"மீடியந்தான் காரணமா இருக்கும்னு டாக்டர் நினைக்கிறாங்க" என்றார் மாப்பிள்ளை. "அந்த மீடியத்துல வளந்ததெல்லாம் பாதியிலயே நின்னுருச்சு பாரு."

"அப்ப வெளிநாட்டு மீடியமா?" இது என் மகள்.

"ஆமா. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மீடியம். நடுவுல மாத்தவே தேவையில்லையாம். தரம் நல்லா வருதாம்."

"அதுலயே போட்டுருவோம். அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்."

நீங்களே சொல்லுங்கள். நாற்பது ஆண்டுக்காலம் தமிழ்வழியில் கற்பித்த ஒருத்தியின் காதில் இது எப்படி விழும்? குழந்தை இன்னும் கருவாகவே இல்லை. அதற்குள் அதை ஆங்கிலவழியில் போடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள்! அதுவும் என்னிடம் சொல்லாமல்! தமிழ்வழியில் வளர்ந்ததெல்லாம் பாதியிலேயே நின்றுவிட்டதாம். என்னிடம் படித்தவள் ஒருத்தி இன்று நீதிபதி. இன்னொருத்தி கடல் ஆராய்ச்சிக் கப்பலில் இருக்கிறாள். யார் பாதியில் நின்றது? இப்படிப் பேசுகிற இவளே தமிழ்வழியில் படித்தவள்தானே? இவள் எங்கே நின்றுபோனாள்?

கீரையை ஆய்ந்து முடித்து, பொரியல் செய்து, பேருந்து ஏறித் துறையூர் வந்துவிட்டேன். "உப்பே போடலையேம்மா" என்று இரவு தொலைபேசியில் சொன்னாள். போட்டிருப்பேன், அவளுக்கு நாக்கு மரத்திருக்கும்.

அடுத்து இங்கே வந்தபோது நானும் உடன் வந்தேன். இதே கூடம். இதைவிடக் கூட்டம். உள்ளே அறை ஒழியவில்லை என்று ஷமீமா இங்கேயே வந்து, எங்களுக்கு எதிரே முக்காலி போட்டு அமர்ந்தாள். "இந்தத் தடவ மீடியத்த மாத்துறோம். அதுலயே பாதிப் பிரச்சினை சரியாயிரும்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை, அம்மா. இவளுமா? மருத்துவமனையும் இந்தக் கூட்டில் சேர்ந்துவிட்டதா? எழுந்து நின்றேன்.

"மீடியத்தால் பிள்ளைகள் கெட்டதில்லை" என்று தொடங்கினேன். மெதுவாகப் பேசத்தான் எண்ணினேன். ஆனால் இறைவணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசிப் பழகிய குரல். தாய்மொழியில் சிந்திக்காத குழந்தைக்குச் சிந்தனை எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அயல்நாட்டு மீடியத்தில் வளர்ந்தால் தரம் வந்துவிடும் என்பது அடிமை மனம் அன்றி வேறென்ன என்று கேட்டேன். "என் பேரக்குழந்தை என் மீடியத்தில்தான் வளரும்" என்று முடித்தேன். மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கைதட்டினார். அவருக்குக் காது கேளாது என்று பிறகு சொன்னார்கள். அதனால் என்ன? கைதட்டல் கைதட்டல்தான்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்முல்லை முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பாகவும் இருந்திருக்கலாம். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை எனக்குத் தெரியாதவை இப்படிச் சில சேர்ந்துவிட்டன.

ஷமீமா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். வாய்த்திரையைக் கழற்றிவிட்டு, "டீச்சர், உக்காருங்க" என்றாள். "மீடியம்னா பள்ளிக்கூட மீடியம் இல்ல. கருவப் போட்டு வளக்குறோமே, அந்தத் தண்ணி. அதுக்கு வேண்டிய சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. அதுக்குப் பேருதான் மீடியம்."

நான் அமர்ந்தேன்.

"நானும் மணப்பாறை கவர்ன்மெண்ட் ஸ்கூல்தான். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்" என்றாள்.

பார்த்தீர்களா? என் வாதத்துக்கு அவளே சான்றாகிவிட்டாள். அதைத்தான் நானும் சொன்னேன்.

பிழை என்னுடையது அன்று, அம்மா. ஒரு சொல்லை எடுத்துப் பள்ளிக்கூடத்திலும் போட்டு, கிண்ணத்து நீரிலும் போட்டால் கேட்பவர் என்ன செய்வார்? தமிழில் ஒரு சொல் வைத்திருந்தால் இந்தத் தொல்லை நேர்ந்திருக்குமா? அங்கேயே, அப்போதே, ஒரு சொல் ஆக்கிக் கொடுத்தேன். "வளர்நீர் என்று சொல்லுங்கள்." வளர்த்த நீர், வளர்க்கின்ற நீர், வளர்க்கும் நீர், முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "வளர்நீர். நல்லாருக்கு டீச்சர்" என்றாள். ஒப்புக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இன்று காலை இந்தத் தூணுக்கு அப்பால் ஒரு செவிலியிடம், "வளர்நீர் சூடாயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். அதைக் கேட்டபோது எனக்கு... போகட்டும்.

அன்று அவள் இன்னொன்றும் சொன்னாள். வளர்நீர் மட்டும் போதாதாம். பெட்டியையும் மாற்றியிருக்கிறார்களாம்.

"பழைய பெட்டியில, எப்படி வளருதுன்னு பாக்கணும்னா கதவத் தொறந்து வெளிய எடுக்கணும் டீச்சர். அந்தக் கொஞ்ச நேரத்துல சூடு மாறும், காத்து மாறும், வெளிச்சம் படும். கர்ப்பப்பைக்குள்ள யாரு போய் எட்டிப் பாக்குறா? அதுபாட்டுக்கு இருட்டுல வளருது. நாமதான் ஆசையில தொறந்து தொறந்து பாத்து அதக் கெடுத்துர்றோம். புதுப் பெட்டியில உள்ளயே கேமரா இருக்கு. தொறக்காமலே பாக்கலாம்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னால் முழுதும் ஏற்க முடியவில்லை. நான் தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் எந்த வகுப்பின் கதவும் மூடியிருந்ததில்லை. நான் எந்த நொடியிலும் வந்து நிற்பேன் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படித்தான் தரம் உயர்ந்தது. இதை அவளிடம் சொன்னேன். "பிள்ளைங்களுக்கு அது சரிதான் டீச்சர்" என்றாள். அதிலும் ஏதோ இடித்தாற்போல் இருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் நன்முல்லை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேம்பாலம் ஏறும்போது, "அம்மா, அந்த டாக்டர் சொன்னதக் கேட்டீங்களா? கதவத் தொறந்துகிட்டே இருந்தா வளராதுன்னு?" என்றாள்.

"கேட்டேன். ஆய்வகத்துக் கதவைச் சொன்னாள். அதை நான் எங்கே திறந்தேன்?" என்றேன்.

அவள் மறுபடி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும், "அத்தை, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் எனக்குத் தண்ணீரே கொடுக்கிறார்கள்.

சில நாள் கழித்து, கருமுட்டை எடுத்த அன்று, மாலையில் மகளுக்குத் தொலைபேசி செய்தேன். "எத்தனை தேறியது?" என்று கேட்டேன். அதில் என்ன பிழை? தாய் கேட்கக்கூடாதா?

"அம்மா, இந்தத் தடவ எதுவா இருந்தாலும் முடிஞ்சதும் நானே கூப்புடுறேன். அதுவரைக்கும் நீங்க கூப்புடவும் வேண்டாம், வரவும் வேண்டாம்."

"ஏன், நான் என்ன செய்தேன்?"

"ஒண்ணும் செய்யல. நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு."

பரீட்சையா? பரீட்சை என்றால் இவளுக்கு என்ன அச்சம்? எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருபவள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆம். நீங்கள் நினைப்பது சரி. நான் இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. நேற்று மாப்பிள்ளையின் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். "சார் நாளைக்கு லீவுங்க" என்றார்கள். தமிழாசிரியை என்றாலும் எனக்குக் கணக்கும் வரும். முதல் பேருந்தில் ஏறிச் சத்திரம் நிலையத்தில் இறங்கி, அவர்களுக்கு முன்பே வந்து இந்தத் தூணுக்குப் பின்னால் அமர்ந்துவிட்டேன். என்னைக் கடந்துதான் போனாள். இளநீலச் சுடிதார். தலையைப் பின்னாமல் அப்படியே ஒரு வளையத்தில் அடக்கியிருந்தாள். சாப்பிட்டாளோ இல்லையோ. "நன்முல்லை" என்று நாக்கு நுனி வரை வந்தது.

நான் அழைக்கவில்லை. அவளை மீறியதாகாது, பாருங்கள். வரவேண்டாம் என்றாள், இது எல்லாரும் வரும் இடம். கூப்பிடவேண்டாம் என்றாள்; நான் கூப்பிடவில்லை. அவளுக்குத் தொல்லை இல்லாமல், தெரியாமல், எது என்று பார்த்துக்கொண்டு அடுத்த பேருந்தில் போய்விடுவேன். போய், வீட்டில் அமர்ந்து, அவள் அழைக்கும்போது அப்போதுதான் அறிந்தாற்போலக் கேட்டுக்கொள்வேன். அவ்வளவுதான் என் திட்டம். இதில் எவருக்கு என்ன குறை?

நேரம் ஆகிவிட்டது, இல்லையா? நேரம் ஆவது நல்லது. சென்ற முறை இந்நேரம் நாங்கள் ஆட்டோவில் இருந்தோம். இல்லை, கடிகாரம் பார்க்கமாட்டேன். எத்தனை தேறியது, என்ன எழுத்து போட்டார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஓர் எழுத்தாவது தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். 'சி' என்றாலும் சரி. 'சி'யும் குழந்தையாயிருக்கிறது, ஷமீமாவே சொன்னாள்.

நீங்கள் எழுந்து போய் அந்தக் கண்ணாடி வழியாக... வேண்டாம். உங்களுக்கு எதற்கு? வேண்டாம். இருங்கள்.

உஸ். கேட்கிறதா?

கீச்சு. கேட்கிறதா உங்களுக்கு? கதவுக்கு உள்ளே. சக்கரம்தானே? ஐயோ, அம்மா, அந்த இதழை எடுங்கள், உங்கள் பக்கத்தில் கிடக்கிறதே, எதுவாயினும் சரி, கொடுங்கள். முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் பாருங்கள். உங்களை அவளுக்குத் தெரியாது, நீங்கள் பார்க்கலாம். நான் பார்க்கமாட்டேன். சொல்லுங்கள். கதவு திறந்துவிட்டதா?

இளநீலமா? உறுதியாக? பின்னால் யார் தள்ளுகிறார்? கண்ணாடி போட்டவர், ஒல்லியாக? அவர்தான். அவர்தான். அப்படியானால் வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டார்கள், அம்மா. அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விடாமல் வைத்திருந்தாரே, அந்த மேலாளர் நன்றாக இருக்கட்டும்.

முகம் எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறதா, சுமாராக இருக்கிறதா என்று சொல்லவேண்டாம். எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். கண்ணை மூடியிருக்கிறாளா? கை எங்கே இருக்கிறது? வயிற்றின் மேலா? சரி. சரி.

ஓசை ஏன் நின்றுவிட்டது?

செருப்புத் தட்டா? ஆம், செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும், மறந்துவிட்டேன். அவர் குனிந்து எடுத்துக் கொடுக்கிறாரா? நல்ல மனிதர். அவள்? அவள் எதைப் பார்க்கிறாள்? மேலேயா? தலைக்கு மேலேயா?

பலகையையா?

காலையில் அவள் போகும்போது அதில் சிவப்பு இல்லையே.

அம்மா, என்ன செய்கிறாள்? சொல்லுங்கள். தோள் குலுங்குகிறதா? எது அது? உங்களுக்காவது தெரிகிறதா, சிரிக்கிறாளா, அழுகிறாளா? மாப்பிள்ளை கூடத்தைச் சுற்றிப் பார்க்கிறாரா? நீங்கள் இந்தப் பக்கம் திரும்பாதீர்கள். தூணைப் பார்க்காதீர்கள். இந்த இதழில்கூட ஒற்றுப் பிழை, 'கருப்பை பராமரிப்பு', 'ப்' எங்கே...

கீச்சுகிறது. சக்கரம் திரும்புகிறது. எந்தப் பக்கம், அம்மா? நான் இதைத் தாழ்த்தமாட்டேன். நான் பார்க்கவில்லை, கேட்கத்தான் செய்கிறேன். வாயில் பக்கமாகப் போகிறதா?

இந்தப் பக்கமாகவா?